டேட்டா சென்டரில் ஓடிய பழைய ஹார்ட் டிஸ்க்கை வீட்டு சர்வருக்கு வாங்கலாமா? நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் வீட்டிலேயே சின்னதாக ஒரு சர்வர் (கோப்புகளைச் சேர்த்து வைக்க எப்போதும் ஓடும் கணினி) வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் கேட்கிறார்கள். கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் விடிய விடியப் பதிவு செய்து சேர்த்து வைப்பவர்கள் கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் இடம் நிறைய வேண்டும், கையில் காசு அளவாகத்தான் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் தரவைச் சேமிக்கும் டேட்டா சென்டர்களுக்காகச் செய்த எண்டர்பிரைஸ் டிஸ்க், பழையதானாலும் நல்ல சரக்கு. வாங்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்கும் பொறுமையும், அதே தரவுக்கு இன்னொரு பிரதியும் இருந்தால் மட்டும்.

எண்டர்பிரைஸ் டிஸ்க் என்று தனியாகச் சொல்கிறார்களே, கடையில் வாங்கும் டிஸ்க்கில் என்ன குறை?

குறை என்று இல்லை, வேலை வேறு. மேசைக் கணினிக்கான டிஸ்க், தினமும் சில மணி நேரம் ஓடினால் போதும் என்ற கணக்கில் செய்யப்படுவது. சீகேட் எக்ஸோஸ், வெஸ்டர்ன் டிஜிட்டல் அல்ட்ராஸ்டார், தோஷிபா எம்ஜி போன்றவை இரவு பகல் நிற்காமல் ஓடுவதற்கென்றே வந்தவை. ஆண்டுக்கு 550 டெராபைட் எழுதவும் படிக்கவும் தாங்கும் என்று கம்பெனியே அறிவிக்கிறது. சீகேட்டின் சாதா பாரகுடாவுக்கு அந்தக் கணக்கு 55 டெராபைட்தான். ஒரே பெட்டியில் பத்துப் பன்னிரண்டு டிஸ்க் ஒன்றையொன்று அதிரவைத்தாலும், படித்து எழுதும் தலை தடம் மாறாதபடி அதிர்வை உணரும் சென்சாரும் உள்ளே உண்டு.

இன்னொரு வித்தியாசம் சர்வருக்கு முக்கியமானது. ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் போனால் சாதா டிஸ்க் நீண்ட நேரம் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். எண்டர்பிரைஸ் டிஸ்க் சில நொடிகளிலேயே 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். சர்வர் உடனே பக்கத்து டிஸ்க்கில் இருக்கும் பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அவ்வளவு நல்ல டிஸ்க் என்றால் ஏன் விற்கிறார்கள்?

பெரும்பாலும் உத்தரவாதக் காலமான 5 ஆண்டு முடிந்ததும் மொத்தமாகக் கழற்றிவிடுவார்கள். 4 டெராபைட் டிஸ்க் இருந்த இடத்தில் 20 டெராபைட் டிஸ்க் வைத்தால் அதே கரண்டில், அதே இடத்தில் ஐந்து மடங்கு தரவு நிற்கும். டேட்டா சென்டருக்கு அதுதான் லாபம். ஆகவே கழித்த டிஸ்க் எல்லாம் கெட்ட டிஸ்க் இல்லை.

ஆனால் கெட்டதும் அந்தக் குவியலில் கலந்து வரும். 2021-இல் சியா என்ற மின்னணு நாணயத்துக்காகப் பலர் டிஸ்க்குகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். அதன் மதிப்பு சரிந்த பிறகு அவையும் சந்தைக்கு வந்தன. அந்த டிஸ்க்குகளில் ஒரு முறை நிரப்பிவிட்டு லேசாகப் படித்துக்கொண்டிருப்பதுதான் வேலை, அதனால் தேய்மானம் குறைவு. எந்த அறையில், எந்த வெக்கையில் ஓடின என்பதுதான் யாருக்கும் தெரியாது.

எத்தனை மணி நேரம் ஓடியதை வாங்கலாம்?

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 5 ஆண்டு என்றால் 43,800. அந்த அளவுக்குள் இருந்தால் எனக்குத் தயக்கம் இல்லை. 60,000-ஐத் தாண்டியதை மூன்றாவது பிரதிக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். குளிர்ந்த அறையில் 40,000 மணி நேரம் நிற்காமல் ஓடிய டிஸ்க், தினமும் பத்து முறை ஆன் ஆஃப் ஆகி 10,000 மணி நேரம் ஓடியதைவிட நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கைப் பார்த்து ரொம்பப் பயப்படவும் வேண்டாம், அதை மட்டும் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவு. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ், இரண்டும் இலவசம். விற்பவரிடம் இதன் முழுப் படத்தை, சீரியல் எண் தெரியும்படி, வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

சாட்டா (சாதா கணினியில் மாட்டும் இணைப்பு வகை) டிஸ்க்கில் நான் பார்க்கும் எண்கள் இவை. 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள், அதாவது தரவு எழுதும் சின்னச் சின்னத் துண்டுகள். 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள். 198, சோதனையில் மீட்க முடியாதவை என்று தெரிந்தவை. 187, டிஸ்க் தானே ஒப்புக்கொண்ட திருத்த முடியாத பிழைகள். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் கம்பெனியும் சாகப்போகும் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க இந்த நான்கையும் 188-ஐயும் (கட்டளைக்கு நேரத்தில் பதில் வராத கணக்கு) தான் கவனிக்கிறது. மேலே சொன்ன நான்கும் சுழியாக இருக்க வேண்டும். 5-ஆம் எண்ணில் இரண்டோ மூன்றோ இருந்து, சோதனைக்குப் பிறகும் ஏறாமல் அப்படியே நின்றால், விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். 197-இல் ஒன்று இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

199-ஆம் எண் பெரிதாக இருந்தால் பதற வேண்டாம். அது அநேகமாகக் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றிய பிறகும் ஏறினால்தான் யோசிக்க வேண்டும். ஹீலியம் நிரப்பிய எச்ஜிஎஸ்டி, வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க் என்றால் 22-ஆம் எண்ணையும் பாருங்கள். அது 100-இல் இருக்க வேண்டும். இறங்கியிருந்தால் வாயு கசிகிறது, அந்த டிஸ்க் வேண்டாம்.

சாஸ் (சர்வர்களுக்கான இன்னொரு இணைப்பு வகை) டிஸ்க்கில் இந்த எண்கள் எதுவும் இருக்காது. அங்கே 'குரோன் டிஃபெக்ட் லிஸ்ட்' (ஓட ஓடக் கெட்டுப்போன இடங்களின் பட்டியல்) என்ற வரியையும், படிக்கும்போதும் எழுதும்போதும் திருத்த முடியாமல் போன பிழைகளின் கணக்கையும் பார்க்க வேண்டும். திருத்தப்பட்ட பிழைகள் லட்சக்கணக்கில் காட்டினாலும் அது இயல்புதான்.

மணிக்கணக்கைச் சுழியாக்கி 'புதுசு' என்று விற்கிறார்களாமே?

உண்மைதான். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் இது பெரிய செய்தியானது. பல ஆண்டு ஓடிய எக்ஸோஸ் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் பதிவை அழித்துவிட்டுப் புதுசு என்று விற்றிருந்தார்கள். மாட்டிக்கொடுத்தது ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு. சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் தவிர இதையும் தனியாக எழுதி வைக்கின்றன. ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 முதல் இதைப் படிக்க முடியும். ஸ்மார்ட்டில் 12 மணி நேரம், ஃபார்மில் 30,000 மணி நேரம் என்று காட்டினால் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் ஃபார்மையும் திருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் கண்ணாலும் பாருங்கள்: திருகு ஓட்டைகளில் திருகு ஏறி இறங்கிய பளபளப்பு, கனெக்டரின் தங்க நிறப் பட்டைகளில் செருகிக் கழற்றிய கீறல், ஓரம் சரியாக ஒட்டாத லேபிள்.

தயாரிப்பு ஆண்டு 2018 என்று லேபிளில் இருக்கும் டிஸ்க் 0 மணி நேரம் காட்டினால் சந்தேகப்படத்தான் வேண்டும். '40,000 மணி நேரம் ஓடியது' என்று நேர்மையாகச் சொல்லி விற்பவர் எனக்கு அதைவிட மேல்.

சாட்டா, சாஸ் என்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும் சாஸ் டிஸ்க்கை என் கணினியில் மாட்டலாமா?

நேரடியாக மாட்ட முடியாது. நம்மூரில் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிஸ்க்கின் பின்புறத்தைப் பாருங்கள். சாட்டாவில் சின்னக் கனெக்டர் ஒன்றும் நீளக் கனெக்டர் ஒன்றும் இருக்கும், நடுவே வெற்று இடைவெளி தெரியும். சாஸில் அந்த இடைவெளி பிளாஸ்டிக்கால் அடைக்கப்பட்டு ஒரே பாலம் போல இருக்கும். அதன் மறுபக்கத்தில் இன்னும் ஏழு சின்னப் பட்டைகள் இருக்கும். சாட்டா கேபிள் அதில் ஏறாது, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இணைய தளங்களில் விற்கும் சின்ன 'கன்வெர்ட்டர்' கனெக்டரை வாங்கி மாட்டினால் செருகத்தான் முடியும், டிஸ்க் தெரியாது. மின்குறியீட்டு முறையே வேறு.

சாஸ் டிஸ்க்குக்குக் கணினியின் உள்ளே தனியாகச் செருகும் கன்ட்ரோலர் கார்டு வேண்டும். அந்தக் கார்டில் சாட்டா டிஸ்க்கும் ஓடும், சாட்டா போர்டில் சாஸ் ஓடாது. வீட்டில் இரண்டே டிஸ்க் போதும் என்றால் சாட்டா வாங்குங்கள், சிக்கல் இல்லை. நான்கு, ஆறு என்று போகப்போகிறீர்கள் என்றால் கார்டுக்குச் செலவழித்தாலும் சாஸில் மிச்சம்தான். வாங்க ஆள் குறைவு என்பதால் விலை இறங்கியே கிடக்கும்.

என்ன கார்டு வாங்குவது?

எல்எஸ்ஐ 9207-8ஐ அல்லது 9211-8ஐ போதும், கொஞ்சம் புதியது வேண்டுமென்றால் 9300-8ஐ. 'ஐடி மோட்' ஃபர்ம்வேர் (கார்டின் உள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் கார்டு தானே ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) செய்யாமல் டிஸ்க்குகளை அப்படியே சர்வரிடம் கொடுக்கும். டிஸ்க்குகளை மென்பொருளாலேயே சேர்த்து நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் போன்றவற்றுக்கு அது அவசியம். கிடைத்தது லாபம் என்று 1068இ சிப் உள்ள பழைய கார்டை வாங்கிவிடாதீர்கள். அது ஒரு டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்கு மேல் பார்க்காது.

இந்தக் கார்டுகள் சர்வர் பெட்டியின் பலத்த காற்றில் ஓடப் பழகியவை. வீட்டுக் கேபினட்டில் அதன் அலுமினியத் தகட்டில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். எதிரே ஒரு சின்ன ஃபேன் கட்டாயம் வேண்டும். கேபிளும் தனி: ஒரு முனை கார்டுக்கு, மறுமுனையில் நான்கு சாஸ் தலைகள், ஒவ்வொரு தலைக்கும் பவர் செருக இடம்.

சாஸ் டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஃபார்மேட் ஆகவில்லை.

நெட்ஆப், இஎம்சி போன்ற பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து வந்த டிஸ்க்காக இருக்கும். அவற்றில் ஒரு செக்டாருக்கு 512 பைட்டுக்குப் பதில் 520 பைட். கெட்டுப்போனது இல்லை. லினக்ஸில் எஸ்ஜி-ஃபார்மேட் என்ற கருவியால் 512-க்கு மாற்றிவிடலாம். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் பாதி நிலையில் நின்றுவிடும், பல சமயம் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

சாட்டா டிஸ்க்தான் வாங்கினேன். சுழலவே இல்லை. செத்துப்போனதா?

அநேகமாக இல்லை. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் தன்னை நிறுத்திக்கொள்ளும். டேட்டா சென்டரில் தொலைவிலிருந்தே ஆஃப் செய்வதற்கான வசதி அது. நம் வீட்டுப் பவர் சப்ளை பழைய வழக்கப்படி அந்தப் பின்னுக்கு 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க்கும் 'நிறுத்து' என்று புரிந்துகொண்டு சும்மா கிடக்கும்.

டிஸ்க்கின் பவர் கனெக்டரில் முதல் மூன்று பட்டைகளின் மேல் கேப்டன் டேப்பை மெல்லியதாக வெட்டி ஒட்டினால் போதும். செல்போன் சர்வீஸ் கடைகளில் பழுப்பு மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போல இருக்குமே, அதுதான். செலோ டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி நகர்ந்துவிடும். மோலெக்ஸிலிருந்து (நான்கு பின் உள்ள பழைய பவர் கனெக்டர்) சாட்டாவுக்கு மாற்றும் கேபிளும் இதைத் தீர்க்கும், அதில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த தலை உள்ள மலிவுக் கேபிள்கள் உள்ளுக்குள் உரசித் தீப்பிடித்திருக்கின்றன. கம்பிகள் தனித்தனியாக அழுத்திப் பொருத்தப்பட்ட தலையாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கவே கூடாத மாடல் ஏதாவது உண்டா?

உண்டு. அல்ட்ராஸ்டார் எச்சி620, எச்சி650 இரண்டும் சர்வரே தடம் தடமாக எழுதும் இடத்தைத் தீர்மானிக்கும் வகை. சாதா முறையில் ஓடாது, அதனால்தான் விலை கண்ணைப் பறிக்கும். எக்ஸோஸ் 5இ8 என்ற 8 டெராபைட் டிஸ்க் மாட்டினால் ஓடும், ஆனால் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் எஸ்எம்ஆர் வகை. ரெய்டில் ஒரு டிஸ்க்கை மாற்றி மீண்டும் நிரப்பும்போது தவழும்.

10,000, 15,000 சுற்று வேகத்தில் ஓடும் இரண்டரை அங்குல சாஸ் டிஸ்க்குகளும் வேண்டாம். 300, 600 ஜிபிக்கு அவ்வளவு சூடும் சத்தமும் வீட்டுக்கு எதற்கு? 15 மி.மீ. தடிமன் என்பதால் லேப்டாப்பிலும் நுழையாது.

எங்கே வாங்குவது? நெல்லையில் கிடைக்குமா?

நெல்லைக் கடைகளில் எப்போதாவது ஒன்றிரண்டு வரும், நம்பி இருக்க முடியாது. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, இரண்டிலும் சர்வர் கழிவுகளை மொத்தமாக எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நேரில் போனால் கடையிலேயே மாட்டி ஸ்மார்ட் பதிவைப் பார்த்துவிட்டு வாங்கலாம். சென்னையில் இருக்கும் தம்பியோ மச்சானோ நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வரும்போது கைப்பையில் கொண்டுவந்தால் அதைவிடப் பத்திரமான பார்சல் கிடையாது.

பஸ் பார்சலில் போடச் சொன்னால், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி ஆன்டிஸ்டாடிக் உறை, நாலு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத பஞ்சு அல்லது பபிள் சுற்றல், பெட்டிக்குள் டிஸ்க்கோடு டிஸ்க் முட்டக்கூடாது என்று எழுத்திலேயே கேளுங்கள். ஏசி பஸ்ஸில் வந்ததை உடனே மாட்டாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் நம்மூர்க் காற்றின் ஈரம் படியும். சில மணி நேரம் அறையில் வைத்துவிட்டு மாட்டுங்கள்.

வெளிநாட்டு இணைய தளங்களில் விலை இனிப்பாக இருக்கும். பழைய மின்னணுப் பொருள்களை இறக்குமதி செய்ய நம் நாட்டில் கட்டுப்பாடு இருக்கிறது. வரியும் சேரும், சுங்கத்தில் நிறுத்தினாலும் கேட்க ஆளில்லை. திருப்பி அனுப்பவும் வழியில்லாத டிஸ்க்கை நான் வாங்கமாட்டேன்.

என்ன விலைக்கு வாங்கலாம்?

விலை மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாயில் சொல்லிப் பயன் இல்லை. அதே கொள்ளளவில் உத்தரவாதத்தோடு கிடைக்கும் புது டிஸ்க்கின் விலையைப் பாருங்கள். பழையது அதில் பாதிக்கு மேல் போனால் புதுசையே வாங்குங்கள். உத்தரவாதம் உண்டு என்று சொன்னால் சீரியல் எண்ணைச் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் தளங்களிலேயே போட்டுப் பார்க்கலாம். டெல், எச்பி லேபிளோடு வந்தவற்றுக்குத் தயாரித்த கம்பெனி நேரடியாக உத்தரவாதம் தராது.

அண்ணாச்சி, ரெண்டு டிஸ்க் வாங்கக் காசு இல்லை. இப்போதைக்கு ஒன்று வாங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்குச் சின்ன கொள்ளளவில் இரண்டு வாங்கு. 8 டெராபைட் ஒன்றுக்குப் பதில் 4 டெராபைட் இரண்டு. உங்கள் ஊர்க் கொடையில் பாடிய புலவர் அடுத்த ஆண்டு இருப்பாரோ இல்லையோ, அந்தப் பாட்டுக்கு இரண்டு பிரதி இருந்தாக வேண்டும்.

டிஸ்க் வந்துவிட்டது. எப்படிச் சோதிப்பது?

திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் முழுச் சோதனையும் முடிய வேண்டும், அதனால் வந்த அன்றே தொடங்குங்கள். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து வையுங்கள், சீரியல் எண் தெரிய வேண்டும்.

முதலில் மாட்டியதும் காது கொடுங்கள். சீராகச் சுழல் ஏறும் சத்தமும், அப்புறம் தலை நகரும் கறகற ஒலியும் இயல்பு. ஒரே தாளத்தில் 'டக், டக், டக்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட்டு விற்றவரை அழையுங்கள்.

ஸ்மார்ட் பதிவை எடுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். அடுத்தது டிஸ்க்கின் சொந்த நீண்ட சோதனை. 8 டெராபைட்டுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அது முடிந்ததும் முழு டிஸ்க்கிலும் எழுதித் திரும்பப் படிக்கும் சோதனை. லினக்ஸின் பேட்பிளாக்ஸ் கருவி நான்கு விதமான வடிவங்களை எழுதி ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்க்கும், அதாவது எட்டு முறை முழு ஓட்டம். 8 டெராபைட் டிஸ்க்கில் ஓர் ஓட்டத்துக்குச் சுமார் 12 மணி நேரம், மொத்தம் நான்கு நாள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஒரே வடிவம் எழுதிப் படியுங்கள், ஒரு நாளில் முடியும். 18 டெராபைட்டும் அதற்கு மேலும் என்றால் பிளாக் அளவு (ஒரு தடவையில் எழுதும் துண்டு) 4096 போதாது, 8192 என்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவி தொடங்கவே மறுக்கும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் எந்த டிஸ்க்கின் மேல் ஓட்டுகிறீர்கள் என்பதை சீரியல் எண்ணை வைத்து இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஸ்மார்ட் பதிவை மறுபடி எடுத்து முதல் கோப்போடு ஒப்பிடுங்கள். 5, 187, 197, 198 எதுவும் ஒன்றுகூட ஏறியிருக்கக் கூடாது. ஏறியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். 'இது சகஜம், ஓடும்' என்று விற்றவர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பழைய கேபினட்டில் திருகு ஓட்டை பொருந்தவில்லை.

10 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள பல டிஸ்க்குகளில் பக்கவாட்டில் நடு ஓட்டை இருக்காது. முன்னும் பின்னும் உள்ள ஓட்டைகளில் மட்டும் திருகுங்கள்.

நம்மூர் வெயிலில் தாங்குமா?

டிஸ்க்கின் சூடு 60 டிகிரி வரை போகலாம் என்று கம்பெனிகள் எழுதியிருக்கும். அது மேல் எல்லை. நான் 45-க்குள் வைக்கப் பார்ப்பேன். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் வெளியே 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் காங்கிரீட் அறை ராத்திரியிலும் இறங்காது. அந்த அறையில் சர்வர் வைக்காதீர்கள். தரைத்தளத்தில் உள்ளறை சரி, ஆனால் தரையில் வேண்டாம், காரணம் கீழே சொல்கிறேன். டிஸ்க்குகளுக்கு நேர் முன்னே 120 மி.மீ. ஃபேன் ஒன்று மெதுவாகச் சுழன்றாலே நல்ல வித்தியாசம் தெரியும். டிஸ்க்குக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு வரிசை இடைவெளி விடுங்கள்.

உவரி, திருச்செந்தூர், காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு வெக்கையைவிட உப்புக் காற்றுதான் கவலை. டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டின் தொடுமுனைகள் பச்சை பூக்கும். ஜன்னல் ஓரம் தவிர்த்து, மூடிய அறையில் வையுங்கள். சர்வரை நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல் தொடர்ந்து ஓட விட்டால் உள்ளே ஈரம் தங்காது.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

ஒரு டிஸ்க்குக்குச் சராசரியாக 8 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டிஸ்க் 32 வாட். இரண்டு மாத பில்லுக்கு 46 யூனிட். கணினியையும் சேர்த்து 60 வாட் என்றால் 86 யூனிட். ஏற்கெனவே உங்கள் வீட்டில் 420, 450 யூனிட் ஓடுகிறது என்றால் கவனம். தமிழ்நாட்டுக் கணக்கில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். சின்ன டிஸ்க் ஆறு ஓட்டுவதைவிடப் பெரிய டிஸ்க் இரண்டு ஓட்டுவது இந்தக் கணக்கில் மலிவாக முடியலாம்.

மின்தடைக்கு இன்வெர்ட்டர் போதாதா?

யுபிஎஸ் மோடில் வைத்த சைன் வேவ் இன்வெர்ட்டர் பெரும்பாலும் தாங்கும். ஆனால் பேட்டரி தீர்ந்ததும் சொல்லாமல் நின்றுவிடும். யுஎஸ்பி உள்ள சின்ன யுபிஎஸ் வாங்கி, நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருளோடு இணைத்தால் பேட்டரி குறையும்போது சர்வர் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். பல டிஸ்க் ஒரே நொடியில் சுழல் ஏறும்போது ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு டிஸ்க் என்றால் அந்த நொடிக்கு மட்டும் 190 வாட். பவர் சப்ளையையும் யுபிஎஸ்ஸையும் அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி இடி மழையில் பிளக்கைப் பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது.

எந்த ரெய்டு வைப்பது?

இரண்டு டிஸ்க் என்றால் மிரர், அதாவது ஒரே தரவு இரண்டிலும். நான்குக்கு மேல் என்றால், இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனாலும் தாங்கும் ரெய்டு 6 அல்லது இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட்2. ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5-ஐப் பழைய டிஸ்க்கில் வைக்க வேண்டாம். ஒன்று போனதும் புதிதாக நிரப்பும்போது மற்ற எல்லா டிஸ்க்கும் ஒரு நாள் முழுக்க மூச்சு விடாமல் ஓடும், அடுத்தது போவது அப்போதுதான். ஒரே பெட்டியில் வந்த, அடுத்தடுத்த சீரியல் எண் உள்ள டிஸ்க்குகள் ஒரே வெக்கையிலும் ஒரே உழைப்பிலும் இருந்தவை. முடிந்தால் இரண்டு இடத்தில், இரண்டு கம்பெனி டிஸ்க்காக வாங்குங்கள். மாதம் ஒரு முறை முழுத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட விடுங்கள்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பக்கம் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் நின்றது. ஆல்பம், கேசட், கணினி என்று எத்தனையோ வீடுகளில் போயின. மிரரில் இருந்த இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில்தானே இருக்கும்?

சர்வரை இடுப்புக்கு மேல் உயரத்தில் வையுங்கள். இன்னொரு பிரதி ஆற்றுக்கு அப்பால், வேறு ஊரில் இருக்கட்டும். சங்கரன்கோவிலிலோ மதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க் வைத்து, நல்லநாள் பொல்லநாளுக்குப் போகும்போது புதுப்பித்துவிட்டு வரலாம். 60,000 மணி நேரம் ஓடிய டிஸ்க்குக்கு ஏற்ற வேலை அதுதான். தண்ணீரில் மூழ்கிய டிஸ்க் உங்களிடம் இருந்தால், காய்ந்துவிட்டது என்று எண்ணிக் கரண்ட் கொடுக்காதீர்கள். உள்ளே படிந்த சேறு தலையையும் தட்டையும் உரசி முடித்துவிடும். மீட்பு வேலை செய்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

பழைய எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி வாங்கலாமா?

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே எழுதும் டிஸ்க். எனக்கு இது இன்னும் பிடித்த சரக்கு. இன்டெல் டிசி எஸ்3700 போன்றவை தினமும் தன் முழுக் கொள்ளளவைப்போல் பத்து மடங்கு எழுதினாலும் 5 ஆண்டு தாங்கும் கணக்கில் செய்யப்பட்டவை. வீட்டில் அதைத் தேய்த்துத் தீர்க்க முடியாது. மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க உள்ளே கெப்பாசிட்டர் இருக்கும். எவ்வளவு ஆயுள் மிச்சம் என்பதை ஸ்மார்ட்டிலேயே பார்க்கலாம். இன்டெலில் 233-ஆம் எண், 100-இலிருந்து இறங்கிவரும்.

இரண்டு எச்சரிக்கை. எச்பி நிறுவன முத்திரையோடு வந்த சில சாஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் தரவோடு சேர்ந்து செத்துவிடும் பிழை 2019-இல் தெரியவந்தது. 40,000 மணி நேரத்தில் சாகும் இன்னொரு தொகுதி 2020-இல். இரண்டுக்கும் திருத்திய ஃபர்ம்வேர் உண்டு, வாங்கியதும் ஏற்றிவிடுங்கள். இரண்டாவது, அலமாரியில் வைக்கும் பேக்கப்புக்கு இது ஆகாது. ஆயுள் தேய்ந்த எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி கரண்ட் இல்லாமல் 40 டிகிரியில் மூன்று மாதம் தரவைக் காத்தால் போதும் என்பதுதான் தர விதி. நம்மூர் வெக்கையில் பூட்டிவைக்க ஹார்ட் டிஸ்க்தான் சரி.

டிஸ்க் தெரிகிறது, படிக்கவும் எழுதவும் மறுக்கிறது.

முந்தைய நிறுவனம் பூட்டிவைத்திருக்கும். லேபிளில் பிஎஸ்ஐடி என்று 32 எழுத்துக் குறியீடு இருந்தால், அதைக் கொடுத்துப் பூட்டைத் திறக்கலாம். தரவு அழிந்து டிஸ்க் வெறுமையாகும். லேபிள் கிழிந்திருந்தால் வழியில்லை.

உள்ளே பழைய ஆட்களின் கோப்பு இருந்தால்?

திறந்து பார்க்காமல் அழித்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக் குறிப்போ வங்கிக் கணக்கோ யாருடையதாகவும் இருக்கலாம். முழு டிஸ்க்கிலும் எழுதிப் படிக்கும் சோதனையை ஓட்டினாலே எல்லாம் அழிந்துவிடும்.

படுக்கையறையில் வைக்கலாமா?

சத்தம் அதிகம், ராத்திரி கறகறவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஹாலிலோ மாடிப்படி அடியிலோ வையுங்கள், அடியில் தடித்த ரப்பர் போட்டு.

சோதனையில் தோற்றது, விற்றவரும் திருப்பி எடுக்கவில்லை. என்ன செய்ய?

முக்கியமில்லாத சினிமா வைக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். தொங்கிப்போகும் டிஸ்க் ஒன்று முழு சர்வரையும் தொங்கவைக்கும், அப்புறம் கோளாறு எங்கே என்று தேடியே வாரம் போகும். அதில் உங்கள் தரவு ஏறியிருந்தால், எழுத முடிகிற வரை எழுதி அழியுங்கள். எழுதவே முடியாவிட்டால் மேல் மூடியைக் கழற்றித் தட்டுகளைக் கீறிவிடுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் அலுமினியம், சிலவற்றில் கண்ணாடி, அதனால் கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும். பிறகு பழைய இரும்புக்காரரிடம் போடாமல் மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.